கையெழுத்துக்கு முன்னால்

செம்பட்டியில் இறங்கியவர்கள் குறைவு. செம்பட்டியைக் கடந்து போனவர்களோ ஏராளம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்கும், அதற்கு அப்பால் தேனிக்கும் குமுளிக்கும் போகிற பஸ்கள் அந்த ஊரில் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு போகும். மதுரைப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் பாதயாத்திரைக்காரர்கள் தைப்பூசக் காலத்தில் அந்த வழியே அலையலையாகப் போவார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கிழக்கே சிறுமலையைப் பார்ப்பார்கள்; மேற்கே கொடைக்கானல் மலையைப் பார்ப்பார்கள்; நடுவில் தென்னந்தோப்புகளைப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே போகும் கம்பிகளைப் பார்க்கிறவர்கள் அபூர்வம். என் பிழைப்பு அந்தக் கம்பிகளோடு சேர்ந்தது. ஆகையால் நான் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பியைப் பார்த்துவிடுகிறேன்.

கம்பிகளிலும் ஜாதி உண்டு. வீட்டு வாசலுக்கு வருகிறது 230 வோல்ட் சாது. வயலோரமாகக் கம்பங்களில் மூன்று மூன்றாக ஓடுகிறது 22,000 வோல்ட். இரும்புக் கோபுரங்களின் கைகளில் பீங்கான் மாலைகளில் தொங்கிக்கொண்டு, குன்று குழி எதையும் லட்சியம் செய்யாமல் நேரே போகிறதே, அது 1,10,000 வோல்ட். நம் தாத்தாக்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை. சென்னை மாகாண அரசாங்கம் மின்சாரத்துக்கென்று ஓர் இலாகாவை 1927-இல்தான் தொடங்கிற்று. நீலகிரியில் பைக்காரா ஆற்று ஜலத்தை மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல். அங்கே பிறந்த சக்தி முதலில் கோயமுத்தூருக்கு வந்து மில்களை ஓட்டியது. பிறகு தெற்கே இறங்கி மதுரைச் சீமைக்கும் வந்தது. அப்போது இயந்திரங்களில் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை. பெரிய ஸ்விட்சு என்றால் எண்ணெய் நிரம்பிய ஓர் இரும்புத் தொட்டி.

ஸ்விட்சு என்றதும் நேயர்களுக்குச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பித்தான் நினைவுக்கு வரும். இரவில் விளக்கை அணைக்கும்போது அதற்குள்ளே ஒரு நீலப் பொறி மின்னி மறைவதைக் கவனித்திருப்பீர்கள். மின்சாரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பதுதான் இஷ்டம்; நிற்கச் சொன்னால் காற்றின் வழியாகக்கூடத் தாவிப் போகப் பார்க்கும். வீட்டில் அது பொறியோடு நின்றுவிடுகிறது. 1,10,000 வோல்ட்டில் அந்தப் பொறி, சூரியனின் மேற்பரப்பைக் காட்டிலும் அதிக உஷ்ணமுள்ள ஒரு தீத்தூணாகி விடும். இரும்பும் செம்பும் அதன் முன்னால் மெழுகுதான். அந்தத் தீயைப் பிறந்த கணத்திலேயே கொல்வதுதான் பெரிய ஸ்விட்சின் வேலை. அதை நாங்கள் 'பிரேக்கர்' என்போம்.

எப்படிக் கொல்கிறது? நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஆகவே வினாடிக்கு நூறு தடவை அதன் ஓட்டம் ஒன்றுமில்லாத நிலையைத் தொட்டுவிட்டு மறுபடி எழுகிறது. அந்த இமைப்பொழுதில் பிரேக்கருக்குள் அடைத்து வைத்திருக்கும் கந்தக ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயு தீயின்மேல் ஊதியடித்து அதைக் குளிர வைக்கிறது; மறுபடி மூளாதபடி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. உத்தரவு வந்ததிலிருந்து இவ்வளவும் வினாடியில் பதினாறில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும். 22,000 வோல்ட் பிரேக்கர்களில் இப்போது வாயுவுக்குப் பதில் வெற்றிடம் வந்துவிட்டது. காற்றே இல்லாத ஒரு குடுவைக்குள் இரண்டு செம்பு முகங்கள் ஒரு விரற்கடைக்கும் குறைவாக விலகினால் போதும், காரியம் முடிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேக்கர் வருஷம் முழுவதும் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். என்றோ ஒரு நாள், இடி விழுந்தோ மரம் சாய்ந்தோ, அழைப்பு வரும். அன்றைக்கு அது பொய்க்கக் கூடாது. பொய்த்தால் அதன் பக்கத்தில் நிற்கிறவன் யார் என்பதுதான் கேள்வி.

நான் இஞ்சினீயர் அல்ல. மின்சார நிலையங்கள் கட்டிக் கொடுக்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் பண்டகசாலைக் கணக்கு எழுதுகிறவன். சாமான் வந்தால் வாங்கி வைப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். ஆனால் பல வருஷமாக இந்த வேலையில் இருந்ததில் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்த இயந்திரங்களிடம் எல்லோரும் பயப்படுவது மின்சாரம் ஏறிய பிறகுதான். அதற்கு முன்னால், லாரியிலிருந்து இறங்கி அஸ்திவாரத்தில் ஏறும் வரையில் உள்ள சில வாரங்களில், அதை யாரும் மதிப்பதில்லை. அதன்மேல் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள், சாக்கை உலர்த்துவார்கள். பின்னால் உயிரை வாங்கும் கோளாறுகளில் பல அந்தச் சில வாரங்களில்தான் உள்ளே குடியேறுகின்றன.

சில வருஷங்களுக்கு முன் செம்பட்டிக்குச் சமீபத்தில், சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றுக்கு நாங்கள் வேலை செய்தோம். ஐப்பசி மாதம், தீபாவளிக்கு ஐந்தாறு நாள் இருக்கும். வடக்கேயிருந்து பிரேக்கர் பெட்டிகள் ஏற்றிய லாரி இரவு எட்டு மணிக்கு மழையோடு வந்து சேர்ந்தது. டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். இறங்கினவுடன் ரசீதை நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா காலையில எறக்கிப்போட்டு நான் கெளம்பிருவேனுங்க. ஊருக்குப் போய் எட்டு நாளாச்சுங்க."

எங்கள் போர்மேன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இருங்க தம்பி. சாப்பிட்டுப் படுங்க. வெளிச்சம் வரட்டும், பார்த்துட்டுத்தான் கையெழுத்து," என்றார். அந்த மனிதர் எதையும் நம்பாதவர். கடையில் தேங்காய் வாங்கினால் மூன்று தடவை குலுக்கிப் பார்ப்பார். லாரி டிரைவர்கள் அவரைச் சபிக்காத நாள் கிடையாது. வண்டி ஒரு நாள் நின்றால் அதற்கு வாடகை யார் கொடுப்பது என்று என் மேலதிகாரிகளும் அவரைக் கடிந்துகொள்வதுண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அது லேசான விஷயமல்ல. 'சரக்கு நல்ல நிலையில் வந்தது' என்று எழுதிக் கொடுத்த பிறகு, பெட்டிக்குள் உடைந்திருந்தது என்று சொன்னால் லாரிக் கம்பெனியும் சிரிக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சிரிக்கும். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் நஷ்டத்துக்கு வழக்குப் போடலாம். எனவே பார்த்ததை அங்கேயே ரசீதின்மேல் எழுதிவிட வேண்டும். போட்டோப் படமும் எடுத்துவிட வேண்டும், பெட்டி லாரியில் இருக்கும்போதே.

காலையில் மழை விட்டது. பெட்டிகளைச் சுற்றி வந்தோம். இந்தப் பெட்டிகளின் பக்கங்களில் சில சித்திரங்கள் அச்சிட்டிருக்கும். குடை போட்டிருந்தால் நனையக் கூடாது என்று அர்த்தம். இரண்டு அம்புகள் மேல் நோக்கி இருந்தால் அந்தப் பக்கம்தான் தலை. காலுள்ள கண்ணாடிக் கிண்ணம் போட்டிருந்தால் உடையக் கூடியது. எங்கள் ஆட்களில் ஒருவர் அந்தக் கிண்ணத்தை வெகு நாளாகக் குத்துவிளக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "சாமி சாமான் போலிருக்கு" என்று பயபக்தியோடு தூக்குவார். அதனால் நஷ்டம் ஒன்றும் வரவில்லை. சித்திரங்களைத் தவிர, சில பெட்டிகளில் ஒரு சிறு கண்ணாடிக் குழல் ஒட்டியிருக்கும். பெட்டி பலமாக அதிர்ந்தால் வெண்மையான அந்தக் குழல் சிவந்துவிடும். பிறகு மாறவே மாறாது. நாங்கள் பார்த்த மூன்று பெட்டிகளில் இரண்டில் குழல் வெள்ளை. மூன்றாவதில் சிவப்பு. அதற்கு மேலிருந்த தார்ப்பாயும் கிழிந்திருந்தது.

டிரைவர் குழலையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "ரோடு அப்படிங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரசீதில் 'மூன்றாவது பெட்டியின் அதிர்ச்சிக் குழல் சிவப்பு, தார்ப்பாய் கிழிசல், பிரித்துப் பார்க்காமல் பெறப்பட்டது' என்று எழுதி, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

இனி இறக்க வேண்டும். கிரேன் வந்திருந்தது. வாசலுக்கு நேர் மேலே ஊருக்குப் போகும் 22,000 வோல்ட் கம்பிகள் குறுக்கே போயின. கிரேன்காரர் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடம் தாராளமா இருக்கண்ணே, தொடாம எடுத்துரலாம்" என்றார். மின்சாரக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பது தரையிலே நிற்கிறவர்களின் எண்ணம். உயர்ந்த வோல்ட்டில் தொடவே வேண்டியதில்லை. போதுமான அளவுக்கு நெருங்கினால் காற்றைத் துளைத்துக்கொண்டு அதுவே வந்து தொட்டுவிடும். சுமையைத் தூக்கிய கிரேனின் கை சற்று வளையும், ஊசலாடும். டிரைவருடைய இடத்திலிருந்து தூரம் சரியாகத் தெரியாது. அந்தச் சமயத்தில் கீழே சுமையைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டு ஈர மண்ணில் நிற்கிறவன்தான் முதலில் போகிறவன்.

போர்மேன் எல்.சி. வேண்டும் என்றார். எல்.சி. என்றால், இந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நாங்கள் திருப்பித் தரும் வரையில் கொடுக்க மாட்டோம் என்று மின்வாரியத்தார் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவதென்றால் சாமானியமா? ஊரில் மாவு மில் வாசலில் முறுக்குக்கு அரைக்க அரிசித் தகரங்களோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாவு மில்காரர் சைக்கிளிலேயே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னங்கய்யா, வருஷத்துக்கு ஒரு நாள் எங்களுக்கு நாலு காசு வர்ற நாளு. நாளைக்குத் தூக்கக் கூடாதா உங்க பொட்டியை?"

நாளைக்கும் அதே வரிசை இருக்கும். கடைசியில் மில்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடும் நேரத்தையே எடுத்துக்கொள்வதென்று பேசி முடித்தோம். லைன்மேன் வந்து கம்பத்தின் ஸ்விட்சைத் திறந்து, அது மறுபடி மூடாதபடி பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கம்பிகளை நீண்ட கழியால் சோதித்து, மண்ணோடு இணைத்துக் கட்டினார். பூட்டு நம் திண்டுக்கல் பூட்டுத்தான். கைவேலையால் கீர்த்தி பெற்ற அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலரும் பெட்டகங்களையும் கோவில் கதவுகளையும் பற்றி எழுதினார்கள். கம்பத்தின்மேல் ஏறியிருக்கும் ஒருவனுடைய உயிரைக் காக்கிற பூட்டைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பெரிய மின்நிலையங்களில் பூட்டும் சாவியும் இன்னும் சாமர்த்தியமான வேலை செய்கின்றன. பிரேக்கரைத் திறந்தால்தான் ஒரு சாவி விடுபடும். அந்தச் சாவி இருந்தால்தான் அடுத்த ஸ்விட்சைத் தொடலாம். அதையும் திறந்த பிறகே கம்பியை மண்ணோடு இணைக்கலாம். மனிதன் அவசரப்பட்டாலும் சாவி அவசரப்படாது.

பெட்டியைத் தூக்குவதிலும் முறை இருக்கிறது. பெட்டியின்மேல் சங்கிலிச் சித்திரம் போட்ட இடத்தில்தான் வாரைக் கொடுக்க வேண்டும். பெட்டியின் நடுவும் பாரத்தின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு உயர்த்த வேண்டும். திருப்புவதற்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி எட்டி நின்று இழுக்க வேண்டும். அடியில் ஒருவரும் போகக் கூடாது. பெட்டியைப் பிரித்த பிறகு இன்னும் ஜாக்கிரதை. பிரேக்கரின் மூன்று தூண்களும் பீங்கானால் ஆனவை. இடுப்பைப்போல் வளைந்து வளைந்து, பிடிக்க வசதியாக இருக்கும். அங்கே வாரைப் போட்டுத் தூக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பையும் வளைப்பையும் தாங்காது. அடியில் உள்ள இரும்புப் பீடத்தில் தூக்குவதற்கென்று வளையங்கள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

இறக்கி வைத்து, வாரியத்தாரிடம் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தோம். மாவு மில் சத்தம் கேட்கத் தொடங்கிற்று. அப்புறம்தான் பெட்டிகளைத் திறந்தோம்.

இந்தத் தூண்களைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது உள்ளே வாயுவைக் கொஞ்சமாகவே அடைத்து அனுப்புவார்கள். வெளிக் காற்றின் அழுத்தத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ஈரக் காற்று உள்ளே நுழையாமலிருக்க அது போதும். வேலை செய்யும்போது வேண்டிய அழுத்தம் அதைப்போல் பல மடங்கு. அதை அஸ்திவாரத்தில் நிறுத்திய பிறகுதான் ஏற்றுவார்கள். இதன் காரணம் எளிது. வழியில் பீங்கானில் கீறல் விழுந்து, உள்ளே முழு அழுத்தமும் இருந்தால், அது பீங்கான் தூண் அல்ல, வெடிகுண்டு. சில்லுகள் கத்திபோல் நாலாபுறமும் பறக்கும். அதனாலேயே, வாயு ஏற்றும் அன்றைக்குக்கூட ஆட்கள் எட்ட நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எழுதி வைக்கிறார்கள்.

போர்மேன் அழுத்தமானியை ஒவ்வொரு தூணிலும் மாட்டிப் பார்த்தார். இரண்டில் முள் எழும்பி நின்றது. மூன்றாவதில் முள் அசையவில்லை. மானியைத் தட்டினார், மாற்றிப் போட்டுப் பார்த்தார், பிறகு ஒரு டார்ச் விளக்கை வாங்கிக்கொண்டு, வெளிச்சம் நேரே விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி பிடித்து, பீங்கானும் இரும்பும் சேருமிடத்தைச் சுற்றி வந்தார். சிமெண்டுப் பூச்சுக்கு மேலே தலைமயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஒரு கோடு. என் கண்ணுக்கு முதலில் அழுக்காகத்தான் பட்டது. துணியால் துடைத்தார். போகவில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் எங்களுக்கு நல்ல காலம் அல்ல. நிலையத்தின் சொந்தக்காரர்கள் மார்கழிக்குள் மின்சாரம் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள். புதுத் தூண் வர ஒன்றரை மாதமாகும். அவர்கள் பக்கத்து மானேஜர் ஒருவர் காரில் வந்து, அந்தக் கோட்டைப் பார்த்து, "இதற்காகவா? மேலே பசை பூசி வர்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் சொன்னது சரிதான், யாருக்கும் தெரிந்திருக்காது. வாயுவும் ஏறியிருக்கலாம். ஒரு மாதம், ஒரு வருஷம்கூட நின்றிருக்கலாம். அது எந்த நாளில் எப்படிப் போயிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த மானேஜர் அதன் பக்கத்தில் நிற்கப் போகிறவர் அல்ல, நானும் அல்ல. அதன் அடியில் நின்று தினம் மூன்று வேளை மானியைப் பார்த்து நோட்டில் எழுதப் போகிறவன், செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பையன். ரசீதில் எழுதியிருந்த அந்த இரண்டு வரிதான் எங்களைக் காப்பாற்றிற்று. எழுத்தில் ஏறிய விஷயத்தை வர்ணம் அடித்து மறைக்க முடியாதல்லவா? தூண் திரும்பிப் போயிற்று.

மீதிச் சாமான்களை அதுவரையில் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு. மழையைவிடப் பெரிய விரோதி பனி. மலையடிவாரமாகையால் கார்த்திகை, மார்கழியில் பகல் உஷ்ணமும் இரவுக் குளிரும் வெகுவாக மாறும். 'நனையக் கூடாது' என்று பிளாஸ்டிக் துணியால் இறுகச் சுற்றி வைத்தால், இரவில் உள்ளேயே வியர்த்துக் கொட்டும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வேறு. தரையில் கட்டைகள் போட்டு உயர்த்தி வைத்து, காற்றோட்டம் விட்டு மூட வேண்டும். கண்ட்ரோல் பெட்டிகளுக்குள் ஈரம் தங்காமலிருக்கச் சிறு ஹீட்டர் ஒன்று வைத்தே அனுப்புகிறார்கள். அதற்குத் தற்காலிகமாக ஒரு கம்பி இழுத்து இரவும் பகலும் எரிய விட வேண்டும். அதற்கு முன் உள்ளே திணித்திருக்கும் அட்டை, காகிதங்களை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். ஒரு வாரம் கழித்து நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது பெட்டி ஜில்லென்றிருந்தது. எங்கள் காவற்காரத் தாத்தா ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே தம் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். "சூடு எதுக்குய்யா இரும்புக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தனியாக ஒரு பிளக் வைத்துக் கொடுத்தோம். அதுதான் மலிவான பரிகாரம்.

ஈரத்தை உறிஞ்சுவதற்கு ஒரு மணிப் பொட்டலமும் பெட்டியில் இருக்கும். நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகிவிடும். இப்போது வரும் ஆரஞ்சு மணிகள் பச்சையாகும். நிறம் மாறினால் மாற்ற வேண்டும்.

அடிப்பக்கத்தில் கேபிள் நுழைய விட்ட துவாரங்களை மூடுவதும் முக்கியம். 2021-இல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று மந்திரி ஒருவர் சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அணில், பல்லி, எலி, பாம்பு எல்லாமே எங்கள் பழைய பரிச்சயக்காரர்கள். கதகதப்பான இருட்டறையை எந்த ஜீவன்தான் வேண்டாமென்று சொல்லும்? பண்டகசாலையில் குடியேறிய பல்லி, மின்சாரம் ஏறும் நாளில் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஓடினால் பல்லியோடு பெட்டியும் போகும்.

மின்சாரமே இல்லாத இடத்தில் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிரேக்கரைத் திறப்பதும் மூடுவதும் வலுவான சுருள்வில்கள். வில் இறுகியிருக்கும்போது உள்ளே கை விட்டால் விரல் மிஞ்சாது. அதனால் பெரும்பாலும் வில்லைத் தளர்த்தியே அனுப்புகிறார்கள். எங்கள் புதுப் பையன் ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றி வில்லை ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டான். போர்மேன், "தம்பி, வாயு இல்லாம அதை ஓட்டினா உள்ளே அடி தாங்காது, உன் கையும் தாங்காது" என்று கைப்பிடியையே எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மற்றொன்று கண்டென்ஸர் சாமான்கள். தொழிற்சாலையில் சோதனை செய்தபோது ஏறிய மின்சாரம் அவற்றில் தங்கியிருக்கக் கூடும். இறக்கிவிட்டாலும் தானே கொஞ்சம் திரும்பி ஊறும், கிணறு ஊறுவதுபோல. ஆகையால் இரண்டு முனையையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்தே வைப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு.

வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு ரஸாயனிகள் 1900-இல் கண்டுபிடித்த இந்தக் கந்தக ஹெக்ஸாபுளோரைடு நிறமில்லாதது, மணமில்லாதது, எரியாதது. சுத்தமாக இருக்கும்போது விஷமும் இல்லை. காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கசிந்தால் கேபிள் பள்ளத்தில் போய்த் தங்கிக்கொண்டு அங்கிருந்த பிராணவாயுவைத் தள்ளிவிடும். பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்க்கிற நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்க நேரமாகாது. இன்னொரு தோஷம், பூமியைச் சூடேற்றுவதில் இது கரியமில வாயுவைவிட எடைக்கு எடை இருபதாயிரம் மடங்குக்கு மேல் வல்லது. 1997-ஆம் வருஷத்துக் கியோட்டோ ஒப்பந்தத்திலேயே இதன் பெயர் ஏறிவிட்டது. ஐரோப்பாவில் புதிய ஸ்விட்சுகளில் இதைப் படிப்படியாக நிறுத்த 2024-இல் சட்டம் செய்திருக்கிறார்கள். வால்வைத் திறந்து ஆகாயத்தில் விட்டுவிடுகிற பழைய வழக்கம் இனி கூடாது. இயந்திரம் வைத்து உறிஞ்சி மறுபடி சிலிண்டரில் அடைக்க வேண்டும்.

தேசம் சுதந்திரம் பெற்ற 1947-இல் இந்தியாவின் மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 1,362 மெகாவாட்தான். 2025 மார்ச்சில் அது ஏறக்குறைய 4,75,000. போபாலிலும் ஹைதராபாத்திலும் நம்மவர்களே பிரேக்கர் செய்கிறார்கள். அவற்றை மின்னல் வேகத்தில் உடைத்துச் சோதிக்க 1960-இல் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தை பெங்களூரில் தொடங்கி, போபாலில் ஸ்விட்சு பரிசோதனைக்கென்றே ஒரு கிளையும் வைத்திருக்கிறார்கள். செய்வதற்குக் கற்றுக்கொண்டோம். இறக்கி வைப்பதற்கு மட்டும் இன்னும் கிரேன் வாடகையைப் பார்க்கிறோம்.

புதுத் தூண் மார்கழி ஏழாந் தேதி வந்தது. சொந்தக்காரர்களின் கெடு போயே போய்விட்டது. அதற்கான தண்டத் தொகையைப் பற்றி இரு தரப்பாரும் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை டிரைவர் வேறொருவர். பனி விலகட்டும் என்று காத்திருந்து, ஒன்பது மணிக்குப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தோம். குழல் வெள்ளையாக இருந்தது. மானியின் முள் எழும்பி நின்றது. போர்மேன் டார்ச் விளக்கோடு இரண்டு சுற்று வந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கையெழுத்துப் போட்டேன்.